நேரமில்லாதவர்கள் காத்த செபம்



யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய கதை, பணியாற்றிய குருக்களின் வரிசை, நன்கொடை தந்த நல்லுள்ளங்களின் பெயர்கள் ஆகியவை இடம்பெறுவது மரபு. அவை இம்மலரின் பிற பக்கங்களை அலங்கரிக்கின்றன. நான் எழுத விரும்புவது கல்வெட்டில் பொறிக்கப்படாத மற்றொரு வரலாறு. காலையில் கண் விழித்ததும் இடும் சிலுவை அடையாளம், நண்பகலில் ஆலய மணி கேட்டு நிற்கும் ஒரு நிமிடம், அந்தி விளக்கின் முன் குடும்பமாகச் சொல்லும் செபமாலை ஆகியவற்றின் வரலாறு அது. நம் நாட்டில் பெரிய ஆலயங்கள் பல எழும்புமுன்னரே இந்தச் செபம் வேரூன்றிவிட்டது. ஆலயங்கள் பறிக்கப்பட்ட இடங்களிலும் அது ஓயவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வீடு சந்திப்புக்குச் செல்லும்போதெல்லாம், "வீட்டில் செபம் உண்டா?" என்று கேட்பது என் வழக்கம். "நேரமே கிடைக்கவில்லை, சாமி" என்பதே பெரும்பாலும் வரும் பதில். அது பொய்யான பதிலன்று. தகப்பனார் விடியுமுன் மின்சார ரயிலைப் பிடித்து அம்பத்தூருக்குப் போகிறார். மகனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இந்த வாரம் இரவு ஷிப்டு. மகள் சென்னையிலிருந்து வீடு திரும்ப இரவு எட்டு மணியாகிவிடுகிறது. தாயாரோ எல்லாருக்கும் முன் எழுந்து, எல்லாருக்கும் பின் படுக்கிறார். ஒரே கூரையின் கீழ் நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன. இந்நிலையில், அன்றாட செபம் என்பது ஓய்வுள்ளவர்களுக்கும் துறவிகளுக்கும் உரியது, நமக்கு ஞாயிறு பூசை போதும் என்ற எண்ணம் வளர்வது இயல்பே. ஆனால் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சாட்சி கூறுகிறது. தமிழ்நாட்டில் அன்றாட செபத்தை நமக்குக் காத்துத் தந்தவர்கள் ஓய்வறியாத உழைப்பாளிகளே.

முதல் நூலே செப நூல்

தமிழில் அச்சேறிய முதல் நூல் எது? புலவர்கள் போற்றும் காப்பியமன்று, அரசர்கள் வெளியிட்ட சட்டமுமன்று. 1554-ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சிடப்பட்டது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அமைத்து, கிறிஸ்தவச் செபங்களையும் அடிப்படைப் போதனைகளையும் தந்த நூல் அது. பின்னர் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே "தம்பிரான் வணக்கம்" வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் நம் மண்ணில் அச்சான முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. மறுஆண்டில் கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்" அச்சேறியது.

இவ்விரு நூல்களையும் தமிழாக்கித் தந்தவர் ஹென்றீக் ஹென்றீக்கஸ் என்னும் சேசு சபைக் குரு. தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர். 1546-இல் இந்தியா வந்த அவர், முத்துக்குளித்துறை என வழங்கும் தூத்துக்குடிக் கடற்கரையிலே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உழைத்து, 1600-இல் இறந்தார். தூத்துக்குடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அச்செழுத்து என்னும் புதிய கருவி கைக்கு வந்தபோது, மறைநூல் முழுவதையுமோ பெரிய இறையியல் நூலையோ அச்சிட அவர் முற்படவில்லை. முத்துக் குளிப்பவனும் மீன் விற்பவளும் நாள்தோறும் சொல்லக்கூடிய செபத்தையே முதலில் அச்சிட்டார். மக்களின் அன்றாடத் தேவை எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

கைமணியும் சிறுவர் படையும்

அண்டிரிக் அடிகளாருக்கு முன்னே இதற்கு அடித்தளமிட்டவர் புனித சவேரியார். அவர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கண்ட நிலை என்ன? சில ஆண்டுகளுக்கு முன் பரதவ மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்களிடையே தங்கியிருந்து போதிக்கக் குருக்கள் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை என்று அவர் உரோமைக்கு எழுதுகிறார். போர்ச்சுகீசியம் அவர்களுக்குப் புரியாது. தமிழ் அவருக்குத் தெரியாது.

இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, பல நாள் பாடுபட்டு, சிலுவை அடையாளத்தையும் விசுவாச மந்திரத்தையும் பரலோக மந்திரத்தையும் பிரியதத்த மந்திரத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் அமைத்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணியோசை கேட்டுக் கூடிய சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நாளொன்றுக்கு இருமுறை கற்பித்தார். ஒரு மாதத்தில் அவர்களுக்குச் செபங்கள் மனப்பாடமாயின. சிறுவர்கள் தாங்கள் கற்றதை வீட்டிலே தாய் தந்தையருக்கும், அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த 1542-ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே, இச்சிறுவர்கள் தம்மை விடுவதேயில்லை, கட்டளைச் செபம் சொல்லவோ உண்ணவோ உறங்கவோ நேரம் கிடைக்கவில்லை, செபம் சொல்லித் தரும்படி ஓயாமல் கேட்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறார். நேரமில்லை என்ற சொல் சவேரியாரின் கடிதத்திலும் இருக்கிறது! ஆனால் அங்கே செபமே அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது.

ஓர் ஊரை விட்டுப் புறப்படும்போது, செபங்களை எழுதி அங்கே வைத்துவிட்டுச் செல்வார். எழுதத் தெரிந்தவர்கள் படியெடுக்க வேண்டும். மற்றவர்கள் மனப்பாடம் செய்து நாள்தோறும் சொல்ல வேண்டும். திருநாட்களில் எல்லாரும் ஓரிடத்தில் கூடிச் சொல்ல வேண்டும். அதைக் கவனிக்க ஊருக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நம் உபதேசியார்களின் தொடக்கம் இதுவே. குரு ஊரில் இல்லாத நாளிலும் செபம் நடக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

1545-இல் இதே சவேரியார் நம் மயிலாப்பூருக்கும் வந்து, புனித தோமையாரின் கல்லறை அருகே ஏறக்குறைய நான்கு மாதங்கள் தங்கினார் என்பதை நம் மறைமாவட்ட மக்கள் மறக்கலாகாது. கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்வதா என்ற பெரிய கேள்வி அப்போது அவர் முன் இருந்தது. அவர் அதற்கு விடை தேடியது அக்கல்லறையின் முன் செபத்திலேதான். ஊர் ஊராக ஓடியவர், ஓட வேண்டிய திசையை அறிவதற்காக நின்றார்.

வேளை குறித்துச் செபிக்கும் மரபு

நாளின் குறிப்பிட்ட வேளைகளில் செபிப்பது ஐரோப்பியர் கொண்டுவந்த பழக்கம் என்று சிலர் கருதக்கூடும். அதன் வேர் அதைவிட ஆழமானது. பாபிலோனில் அரச அலுவலில் இருந்த தானியேல் நாளுக்கு மூன்று முறை எருசலேம் நோக்கி முழந்தாளிட்டார் என்று பழைய ஏற்பாடு கூறுகிறது. அவர் நாட்டு நிர்வாகத்தின் பாரத்தைச் சுமந்த அதிகாரி என்பதை நினைவில் கொள்ளுங்கள். பேதுருவும் யோவானும் பிற்பகல் செப வேளையில் ஆலயத்துக்குச் சென்றதையும், பேதுரு நண்பகலில் மாடியில் ஏறிச் செபித்ததையும் திருத்தூதர் பணிகள் நூல் குறிப்பிடுகிறது. திருச்சபையின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகிய "டிடாக்கே", ஆண்டவர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுமாறு விசுவாசிகளுக்குப் பணிக்கிறது.

நம் ஆண்டவரின் வாழ்வையும் பாருங்கள். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், கப்பர்நாகூமில் ஓய்வுநாள் மாலை ஊர் முழுவதும் வாயிலில் கூடி நிற்கிறது. நோயாளிகளைக் குணமாக்கி முடிக்க இரவாகிறது. மறுநாள் இருட்டு விலகுமுன் அவர் எழுந்து தனிமையான இடத்துக்குச் சென்று செபிக்கிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். வேலை இல்லாத நாளில் அவர் செபிக்கவில்லை. வேலை மிகுந்த இரண்டு நாட்களுக்கு இடையே ஒரு வேளையைப் பிரித்து வைத்துச் செபித்தார்.

துறவிகள் நூற்றைம்பது சங்கீதங்களையும் வேளை வேளையாகப் பாடினர். எழுத்தறியாத எளிய மக்கள் அதற்கு ஈடாக நூற்றைம்பது பிரியதத்த மந்திரங்களைச் சொன்னார்கள். செபமாலை ஏழைகளின் சங்கீத மாலையாக வளர்ந்தது. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1883-இல் அக்டோபர் மாதத்தைச் செபமாலைக்கென ஒதுக்கினார். பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் ஒளியின் தேவ இரகசியங்களை அதனோடு சேர்த்தார். மூவேளை செபமோ வயலிலும் வீதியிலும் நிற்பவர்களுக்காகவே அமைந்தது. மணி அடித்தால் ஏரைப் பிடித்தவனும் கூடையைச் சுமந்தவளும் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டு வேலையைத் தொடரலாம். ஏழை வீட்டில் கடிகாரம் இல்லாத நாளில் ஆலய மணியே கடிகாரம். அந்தக் கடிகாரம் நேரத்தை மட்டும் காட்டவில்லை. நேரம் யாருடையது என்பதையும் காட்டியது.

குருக்கள் இல்லாத ஆண்டுகள்

இப்படி மனப்பாடமாகவும் வீட்டு வழக்கமாகவும் வேரூன்றிய செபத்தின் வலிமை சோதனைக் காலத்தில் வெளிப்பட்டது. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் அங்கே இருக்கத் தடை விதிக்கப்பட்டது, ஆலயங்கள் பறிபோயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1687-இல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். கத்தோலிக்கர் யார் என்று வெளிப்படையாகக் கேட்க வழியில்லை. அவர் கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றதாகவும், அதைக் கண்ட முகங்களில் தோன்றிய மாறுதலைக் கொண்டே விசுவாசிகளை அடையாளம் கண்டதாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். சில்லாலை போன்ற ஊர்களில் விசுவாசம் அணையாமல் இருந்தது. முப்பது ஆண்டுகள் பூசை இல்லை, பிரசங்கம் இல்லை, மணியும் இல்லை. ஆயினும் கதவைச் சாத்திக்கொண்டு தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செபம் இருந்தது. அந்தச் செபம் இல்லாதிருந்தால் அவர் கழுத்திலிருந்த மணிமாலையை அடையாளம் கண்டுகொள்ள ஆள் இருந்திருக்காது. யோசேப் வாஸ் அடிகளார் 1711-இல் கண்டியில் இறந்தார். 2015-இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய காலம் வந்தது. மதுரை மறைபரப்புத் தளத்தில் தத்துவ போதகரும் அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்து எழுப்பிய சபைகள், 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் மேய்ப்பர் குறைந்த மந்தையாயின. 1838-இல் சேசு சபையினர் மீண்டும் வந்து பணியைத் தொடங்கும் வரை, பரந்த நிலப்பரப்புக்கு மிகச் சில குருக்களே இருந்தனர். அந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் சபைகளைத் தாங்கியவர்கள் உபதேசியார்களும் குடும்பத்துப் பெரியவர்களும். உபதேசியார்கள் எவ்வாறு வாழ்ந்து மக்களை நடத்த வேண்டும் என்பதற்கு வீரமாமுனிவர் "வேதியர் ஒழுக்கம்" என்னும் நூலை முன்னமே எழுதி வைத்திருந்தார். ஞாயிறு பூசை போதும், வீட்டுச் செபம் வேண்டியதில்லை என்று நம் முன்னோர் இருந்திருந்தால், பூசைக்குக் குரு இல்லாத அக்காலத்தில் விசுவாசமே இல்லாமற் போயிருக்கும்.

மணியிலிருந்து சங்குக்கு

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதை நம் திருநின்றவூர் வழியாகவே செல்கிறது. அன்று முதல் இவ்வட்டாரத்தின் நேரம் மெல்ல மெல்ல மாறத் தொடங்கியது. வயலின் நேரம் சூரியனைப் பார்த்தது. ரயிலின் நேரம் கால அட்டவணையைப் பார்த்தது. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அதே காலத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, பின்னர் கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகம் என்று வேலைவாய்ப்புகள் பெருகின. அவை நம் மக்களுக்குச் சோறு போட்டன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆனால் ஆலய மணி ஒலித்த இடத்தில் ஆலைச் சங்கு ஒலிக்கத் தொடங்கியது. மணி ஊர் முழுவதையும் ஒரே வேளையில் நிறுத்தியது. சங்கோ ஒரே வீட்டாரை மூன்று ஷிப்டுகளாகப் பிரித்தது.

முன்னோருக்கு இல்லாத சிக்கல் இது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு உழைப்பு மிகுதி. எனினும் எல்லாரும் ஒன்றாக உழைத்து ஒன்றாகத் திரும்பினர். நமக்கோ கூடும் வேளையே அரிதாகிவிட்டது. ஆகவே முன்னோரின் வேளையை அப்படியே பின்பற்ற இயலாமற் போகலாம். வேளை குறிக்கும் அவர்களது வழக்கத்தைப் பின்பற்ற இயலும். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருக்களின் கட்டளைச் செபத்தைச் சீரமைத்தபோது, அந்தந்தச் செபத்தை நாளின் அதற்குரிய உண்மையான வேளையிலேயே சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தியது. பொதுநிலையினரும் அச்செபத்தில் பங்குபெற அழைத்தது. மறுஆண்டில் வெளியான திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று பெயரிட்டுச் சிறப்பித்தது. திருச்சபை என்றால் அங்கே செபம் இருக்க வேண்டுமல்லவா?

பூசலார் ஊரில் வாழும் நாம்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். "சாமி, செபத்துக்குத் தனியாக நேரம் எதற்கு? ரயிலில் போகும்போதும் வேலை செய்யும்போதும் மனத்திலேயே கடவுளை நினைத்துக்கொள்கிறேன், அது போதாதா?" என்று இளைஞர் சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. புனித பவுல் அடிகளாரும் இடைவிடாது செபிக்குமாறு தெசலோனிக்கருக்கு எழுதியிருக்கிறார்.

இதற்கு விடையை நம் ஊரே வைத்திருக்கிறது. திருநின்றவூர் என்றாலே தமிழகம் நினைப்பது, சைவ அன்பர்கள் போற்றும் பூசலாரை. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணத்தில் அவர் வரலாறு இடம்பெறுகிறது. கோயில் கட்டப் பொருளில்லாத அந்த ஏழை, மனத்திலேயே கோயில் கட்டினார். காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழவிருந்த அதே நாளில், பூசலாரின் கோயிலுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் வேறு நாள் பார்க்குமாறு இறைவன் அரசனுக்குக் கனவில் உரைத்ததாகப் புராணம் கூறும். இதுவரை நாம் அனைவரும் அறிந்த கதை. ஆனால் அவர் எவ்வாறு கட்டினார் என்பதைச் சிந்தித்ததுண்டா? மனத்தில்தானே என்று ஒரே நொடியில் கட்டி முடிக்கவில்லை. நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டார். நினைவிலே கல்லும் மரமும் தச்சரும் தேடினார். இரவிலும் கண் துஞ்சாமல், நெடுநாள், படிப்படியாக எழுப்பினார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். மனக்கோயிலுக்கும் அவர் நாளும் வேளையும் செலவிட்டார். வேறு சமயத்தைச் சார்ந்த அடியாராயினும், உள்ளத்து வழிபாட்டுக்கு ஒழுங்கு வேண்டும் என்னும் பாடத்தை அவர் ஊரில் வாழும் நாம் மதிப்போடு கற்றுக்கொள்ளலாம். மனத்திலேயே செபிக்கிறேன் என்பவர், எந்த வேளையில் என்று தம்மையே கேட்டுப் பார்க்கட்டும். வேளை குறிக்காத நினைவு வேலைப் பளுவில் கரைந்துவிடும்.

அன்பு மக்களே, வரலாறு நமக்குக் காட்டும் வழி எளிது. நேரம் கிடைக்கட்டும் என்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே செய்யும் ஒரு செயலோடு செபத்தை முடிச்சுப் போட்டார்கள். விளக்கேற்றும்போது ஒன்று, மணி கேட்கும்போது ஒன்று, படுக்குமுன் ஒன்று. நாமும் அப்படியே செய்யலாம். ரயில் புறப்பட்டதும் ஐந்து நிமிடம் ஒரு பத்துமணி செபமாலை. மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் மூவேளை செபம். இரவு ஷிப்டு முடிந்து வருபவர் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது ஒரு பரலோக மந்திரம். வாரத்தில் எல்லாரும் வீட்டிலிருக்கும் ஒரு மாலைப்பொழுதைக் குடும்பமாகச் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அன்று விளக்கின் முன் ஒன்றாக முழந்தாளிடுங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்தக் கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குச் செபங்களை மனப்பாடமாகக் கற்றுக்கொடுங்கள். உங்களுக்கு நேரமில்லாத நாளில், சவேரியார் காலத்துச் சிறுவர்களைப்போல் அவர்களே உங்களை அழைத்து உட்கார வைப்பார்கள்.

இந்த யூபிலி ஆண்டில் நம் ஆலயத்துக்கு வண்ணம் பூசினோம், கொடியேற்றினோம், மலர் வெளியிடுகிறோம். இன்னொரு யூபிலி கொண்டாடப்படும்போது நம்மில் பலர் இருக்கமாட்டோம். அன்று இப்பங்கில் விசுவாசம் இருக்குமா என்பது, இன்றிரவு நம் வீடுகளில் செபம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உங்கள் குடும்பங்களையும், நீங்கள் உழைக்கும் இடங்களையும், பயணம் செய்யும் வழிகளையும் எல்லாம் வல்ல இறைவன் ஆசீர்வதித்துக் காப்பாராக.

இறைப்பணியில் உங்கள்,
பங்குத்தந்தை